இருபத்தேழாம் எண்ணின் இடது கால்

பல்கலைக்கழகத்தில் அந்த ஆய்வுக்கு மூன்று துறைகள் சொந்தம் கொண்டாடின. பழைய டயர் ரப்பரை அரைத்து, ஷூவுக்குள் போடும் மெத்தையாக வார்த்தது சுற்றுச்சூழல் துறை. பேட்டரி இல்லாமல், மிதிக்கிற மிதியிலேயே மின்சாரம் எடுத்து ஒவ்வோர் அடியையும் பதிவு செய்து கம்பியில்லாமல் கணினிக்கு அனுப்பும் வில்லையை அதற்குள் புதைத்தது மின்னணுத் துறை. நடையை வைத்து நரம்பு நோயை முன்கூட்டியே பிடிக்க முடியுமா என்று பார்த்தது மருத்துவத் துறை. மூவருக்கும் நடுவில் அல்லாடியவள் ஆய்வு உதவியாளர் ஒருத்தி. மெத்தையைக் கொடுப்பது, வாரம் ஒருமுறை பதிவுகளை இறக்குவது, வரைபடம் போடுவது எல்லாம் அவள் தலையில்.

நோயாளிகள் நாற்பது பேர் சுலபமாகக் கிடைத்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத நாற்பது பேர் வேண்டுமே, அதுதான் பெரும்பாடாக இருந்தது.

"நல்லா இருக்கறவன் எதுக்கு ஆஸ்பத்திரிப் பக்கம் வரப்போறான்?" என்று நரம்பியல் டாக்டர் கையை விரித்துவிட்டார்.

கடைசியில் அவள் தன் கணவனையே சேர்த்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. ஜலதோஷம் தவிர ஒரு நோயும் தெரியாத மனிதர். படிவத்தில் கையெழுத்து வாங்கி, எண் இருபத்தேழு என்று எழுதி, அவருடைய கறுப்பு ஷூவில் தானே மெத்தையைப் பொருத்தினாள்.

மூன்றாவது வாரம் முதன்முறையாக வரைபடத்தைத் திறந்தவள் அதை மூடி மறுபடியும் திறந்தாள். இருபத்தேழின் இடது கால் ஒவ்வோர் அடிக்கும் தாமதமாக எழும்பியது. நுனி தரையில் இழுபட்டது. பக்கத்தில் நோயாளி ஒருவரின் வரைபடத்தை வைத்துப் பார்த்தாள். அச்சு அசலாக அதேதான்.

வில்லை செய்த பொறியாளரிடம் ஓடினாள்.

"வில்லை தப்பே பண்ணாதுங்க. வெயில்ல ரப்பர் தளர்ந்திருக்கும். அங்க போய்க் கேளுங்க."

ரப்பர் பேராசிரியை மூக்கின் மேல் கோபத்தை வைத்திருந்தார். "எது நடந்தாலும் என் ரப்பர்தானா? ரப்பர் தளர்ந்தா ரெண்டு காலும்ல தப்பாக் காட்டணும்? அது என்ன, இடது காலுக்கு மட்டும் வெயில் அடிக்குதா?"

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. டாக்டரிடம் போனாள். அவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"ஆள் யாருன்னு சொல்லாதே, எண்ணு மட்டும் போதும். ஆரம்ப நிலை மாதிரிதான் தெரியுது. ஆனா இதை வெச்சு நோய்னு சொல்ல முடியாது. சொல்ல முடியுமான்னு கண்டுபிடிக்கத்தானே இந்த ஆய்வே?"

அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அந்த ஆள் என் வீட்டுக்காரர் என்று தொண்டை வரை வந்ததை விழுங்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

அன்றிலிருந்து கணவனின் காலைத் தவிர வேறெதையும் அவள் பார்க்கவில்லை. குளியலறைக்குப் போனால் பார்த்தாள், மாடிப்படி இறங்கினால் பார்த்தாள். நன்றாகத்தான் நடந்தார். மறுநாள் காலை அவர் கடைக்குக் கிளம்பியதும், இருபதடி தள்ளிப் பின்னாலேயே போனாள். தெருமுனையில் அவர் சட்டென்று திரும்பினார்.

"எதுக்கு இப்படிப் பின்னாடியே வர்ற? எனக்கு வேற குடும்பம் எதுவும் இல்லம்மா, சத்தியமா!"

"அய்யே, அதெல்லாம் இல்லீங்க. கொஞ்சம் எனக்காக நடந்து காட்டுங்களேன்."

"இவ்வளவு நேரம் என்ன, பறந்துகிட்டா இருந்தேன்?"

நடந்து காட்டினார். நடக்கச் சொன்னதுமே நடை போய்விட்டது. புகைப்படத்துக்கு நிற்கும்போது கையை எங்கே வைப்பதென்று தெரியாதவரைப் போல, எந்தக் காலை முதலில் எடுப்பதென்று தடுமாறினார். போதாததற்கு இந்தமுறை வலது கால் இழுத்தது. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

அடுத்த வாரப் பதிவு இன்னும் குழப்பியது. நாளெல்லாம் உட்கார்ந்தபடியே இடது கால் எதையோ அழுத்தி அழுத்தி விட்டிருந்தது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை வலது காலும் பலமாக அழுத்தியது. கண்ணாடிக் கடையில் மிதிக்க என்ன இருக்கிறது? நாள் முழுக்க நின்றுகொண்டே செய்யும் வேலையாயிற்றே அது! வில்லைக்குப் பித்துப் பிடித்துவிட்டதா, தனக்கா என்று அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் பேருந்தில் முன் இருக்கைதான் கிடைத்தது. சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தவளின் பார்வை தற்செயலாக ஓட்டுநரின் கால்மீது விழுந்தது. இடது கால் கிளட்சை மிதித்து விட்டது. பிறகு வலது கால் பிரேக்கை. நிறுத்தம் வந்தது, மறுபடியும் அதே. அவள் வாய்விட்டு "அட!" என்றாள். பக்கத்திலிருந்த அம்மாள் விலகி உட்கார்ந்தாள்.

கணவனின் அண்ணன் பேருந்து ஓட்டுநர்.

சாயங்காலம் கணவனை நேராகக் கேட்டாள். "உங்க ஷூ எங்கே?"

அவர் முகம் போன போக்கைப் பார்க்கணும். "அது... அந்த மெத்தை ரெண்டே நாள்ல உள்ளங்காலைக் குத்த ஆரம்பிச்சிடுச்சு. சொன்னா உனக்கு ஆள் குறையும், கஷ்டப்படுவ. அண்ணன் ஷூ பிஞ்சு போச்சுன்னு நின்னான். அளவும் சரியா இருந்துச்சு. மெத்தையோடவே எடுத்துக் குடுத்துட்டேன்."

"அப்ப நீங்க போட்டுட்டுத் திரியறது?"

"அதே மாதிரி வேற ஒண்ணு."

கணவன் தப்பித்தார் என்ற நிம்மதி ஒரு மூச்சு விடும் நேரம்தான் இருந்தது. நிம்மதிப்பட்டதற்காக உடனே தன்மேலேயே வெறுப்பு வந்தது.

டாக்டரிடம் உண்மையைக் கொட்டினாள். அவர் மேசையில் தட்டினார். "கையெழுத்துப் போடாத ஆளோட பதிவு நம்மகிட்ட இருக்கவே கூடாது. முதல்ல அழி."

"அப்ப ஆளை என்ன சார் பண்றது?"

"ஆளையா அழிக்கச் சொன்னேன்? வெளிநோயாளிச் சீட்டு வாங்கிட்டு வரச் சொல்லு."

பேருந்துப் பணிமனைக்குப் போனபோது அந்த மைத்துனர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிக்கொண்டிருந்தார். விஷயத்தை எப்படி ஆரம்பிப்பது என்று அவள் திணறும்போதே அவர் முந்திக்கொண்டார்.

"நல்ல நேரத்துல வந்த. உன் வீட்டுக்காரன் குடுத்த ஷூவைப் போட்டதிலிருந்து இடது கால் மரத்துப் போகுது. என்ன கண்றாவியை உள்ள வெச்சிருக்கீங்க?"

அவள் குனிந்து அந்த ஷூவைப் பார்த்தாள். மெத்தை நோயைக் காட்டியதா, மெத்தைதான் நோயைக் கொண்டுவந்ததா? இந்தக் கேள்வி மூன்று துறையில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"மாமா, ஷூவைக் கழட்டிட்டு அந்தச் சுவர் வரைக்கும் நடங்க."

எண்ணெய்க் கறை படிந்த சிமெண்டுத் தரையில் அவர் வெறுங்காலோடு நடந்தார். கால் அப்போதும் லேசாக இழுத்தது. சுவரைத் தொட்டுத் திரும்பியவர் அவள் முகத்தைப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது.

"உண்மையைச் சொல்லணும்னா, போன வருஷமே கொஞ்சம் இருந்துச்சு. வயசாகுதுன்னு விட்டுட்டேன். என் வீட்டுக்காரிகிட்ட சொல்லிடாத. வண்டியைப் புடுங்கிடுவாங்களா?"

"தெரியல மாமா. ஆனா இப்படியே ஓட்டக் கூடாது. பின்னாடி அம்பது பேர் உட்கார்ந்திருக்காங்க."

மறுநாள் அவர் தானாகவே விடுப்பு எழுதிக் கொடுத்தார். இரண்டு மாதம் ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்தார்கள். முதல் சோதனையில் ஆய்வு தேடிய அதே நரம்பு நோயாக இருக்கலாம் என்றார்கள். அடுத்ததில் இல்லை என்றார்கள். கடைசியில், பல வருஷம் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்ததில் முதுகெலும்பின் அடியில் ஒரு நரம்பு நசுங்கியிருப்பது தெரிந்தது. உடற்பயிற்சி கொடுத்தார்கள். கால் சரியாகும்வரை பணிமனையிலேயே வண்டிகள் வந்துபோகும் நேரம் குறிக்கும் வேலை கிடைத்தது. மூன்றாம் மாதத்தில் இழுப்பு முக்கால்வாசி குறைந்துவிட்டது.

ஆய்வுக் கூட்டத்தில் யாருக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. பொறியாளர் வில்லை ஜெயித்துவிட்டது என்றார். டாக்டரோ அது வேறு நோயையல்லவா காட்டியது என்றார். கடைசியில், அறிக்கையில் நோயில்லாதவர் முப்பத்தொன்பது பேர் என்று திருத்தச் சொன்னார்கள். அவள் திருத்தினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மைத்துனர் வீட்டில், அவர் பாயில் மல்லாந்து படுத்து இடது காலைத் தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தார். எண்ணுவது அவள் பொறுப்பு.

"ஆமா, கடைசியில உன் மெஷின் சொன்னது சரியா, தப்பா?"

"காலு இழுக்குதுன்னு சொன்னது சரி மாமா. எதனாலன்னு நாங்க நெனச்சது தப்பு. ஆனா உங்ககிட்ட அது வந்ததே தப்பு. அதனால மொத்தத்துல..." அவள் யோசித்தாள். "எனக்கே தெரியல."

"சரி, அதை விடு. இப்ப எத்தனை ஆச்சு?"

"பதினொண்ணு. இல்ல, பன்னிரண்டா?"

"நல்லா எண்ணினே போ," என்று சிரித்தபடி அவர் மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பித்தார்.