நூற்றுத் தொண்ணூற்று மூன்றாம் பக்கம்

அந்த வீட்டில் யாருக்காவது கோபம் வந்தால், பொறுமையாக இரு என்று யாரும் புத்தி சொல்ல மாட்டார்கள். "பக்கத்தைத் திருப்பு" என்பார்கள். மூத்தவன் தட்டைத் தள்ளிவிட்டு விருட்டென்று எழுந்தால், "தொரை இன்னும் நூத்தித் தொண்ணூத்திரண்டுலயே நிக்கிறார்" என்று அம்மா அடுப்படியிலிருந்தே குரல் கொடுப்பாள். வெளியாள் காதில் விழுந்தால் ஒரு மண்ணும் விளங்காது.

எல்லாம் ஒரு புத்தகம் செய்த வேலை. அப்பா ஓர் அச்சகத்தில் பைண்டர். அச்சடித்து வரும் பெரிய தாளைப் பதினாறு பக்கமாக மடித்தால் அதற்குப் பாரம் என்று பெயர். பாரங்களை வரிசையாக அடுக்கி, நூல் கோத்துத் தைத்து, பசை தடவி அட்டை போடுவது அவர் வேலை. தையல் கோணல், தாளில் கறை என்று ஏதாவது ஆகிவிட்டால் அந்தப் புத்தகம் கடைக்குப் போகாது; தைத்தவர் வீட்டுக்குப் போகும். அண்ணனுக்குப் பதினாலும் தங்கைக்கு ஒன்பதும் நடக்கும்போது, பழுப்புத் துணி அட்டை போட்ட ஒரு காவியக் கதைப் புத்தகம் அப்படி வந்து சேர்ந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தும் அதில் என்ன குறை என்று இருவருக்கும் தெரியவில்லை.

கதையில் ஒரு வீரன். சண்டைக்கு முன்னால் தன் பெயர், அப்பன் பெயர், பாட்டன் பெயர், குதிரையின் பெயர் வரைக்கும் கடலே அதிரும்படி முழங்கிவிட்டுத்தான் ஆயுதத்தைத் தொடுவான். விருந்தில் தனக்கு முன்னால் இன்னொருவனுக்குப் பரிமாறிவிட்டால் பலகையோடு கவிழ்ப்பான். நண்பனுக்குக் காயம் பட்டால் மணலில் விழுந்து புரண்டு, கூச்சமே இல்லாமல் ஓவென்று அழுவான். மூக்குக்கு மேல் கோபம் என்பார்களே, இவனுக்கு உச்சந்தலைக்கு மேலேயே இருந்தது. நூற்றுத் தொண்ணூற்றிரண்டாம் பக்கத்தின் அடியில், உயிர் நண்பன் சபை நடுவே கேலி செய்துவிட்டான் என்று அவன்மேலேயே ஈட்டியை ஓங்குகிறான். "அந்தக் கணத்தில்" என்ற சொல்லோடு பக்கம் முடிகிறது.

அடுத்த பக்கத்தின் முதல் வரி: "தன் பெயரைச் சொல்ல அவன் மறுத்தான்."

அதற்கப்புறம் ஆள் தலைகீழ். முகத்தை மூடிய இரும்புத் தொப்பியோடு காடு காடாகத் திரிகிறான். பெயர் கேட்டவர்களுக்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டுகிறான். வீழ்ந்த எதிரிக்குக் கை கொடுத்துத் தூக்கிவிடுகிறான். அரசிக்குக் கொடுத்த வாக்கும் துணி வெளுப்பவளுக்குக் கொடுத்த வாக்கும் அவனுக்கு ஒரே எடை. செய்யாத தப்புக்குப் பழி வந்தாலும் வாய் திறப்பதில்லை.

"அண்ணா, கறுப்புக் குதிரை எப்படி வெள்ளையாச்சு?"

"ஊரை விட்டுப் போனவன் குதிரையை மாத்த மாட்டானா? கேள்வி கேக்குது பாரு."

"தாடி?"

"செரைச்சிருப்பான்."

"கடல் எங்க போச்சு?"

"கடல் அங்கயேதான் இருக்கு, குட்டி. அவன்தான் தள்ளி வந்துட்டான். பண்ணினதை நெனச்சு வெக்கம். அதான் பேரையே தூக்கிப் போட்டுட்டான்."

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில், கட்டிலுக்கும் சன்னலுக்கும் நடுவில் இருந்த ஒரு முழ இடத்தில் இருவரும் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்து அதைப் படித்தார்கள். அப்பாவின் சட்டையிலிருந்து வரும் பசை வாசனை புத்தகத்திலும் இருந்தது. பிற்பாடு எத்தனை பெரிய நூலகங்களுக்குப் போனாலும், அந்த வாசனையைத் தேடித்தான் தங்கை முதலில் புத்தகத்தை முகர்ந்து பார்ப்பாள். அது கிடைக்காதபோதெல்லாம் அவளுக்குச் சின்னதாக ஓர் ஏமாற்றம்.

இப்போது அவளுக்கு அறுபது வயது. காவியம் கற்பிக்கும் பேராசிரியை. வெள்ளிக்கிழமை காலையோடு ஓய்வு. கடைசி உரைக்கு அவளே தலைப்புக் கொடுத்திருந்தாள்: தொன்மைக் காவிய வீரனும் இடைக்காலக் காவிய வீரனும். முப்பத்தைந்து வருடமாகத் தண்ணீர் பட்ட பாடு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். முன்னவனுக்குப் புகழ்தான் உயிர், பின்னவனுக்கு வாக்கு. முன்னவன் தன்னை மறந்துவிடுவார்களோ என்று பயப்படுகிறான், பின்னவன் தான் தலைகுனிய நேருமோ என்று. முன்னவன் எல்லோர் முன்னிலையிலும் அழுகிறான், பின்னவன் தொப்பிக்குள்ளே.

இதில் என்ன கஷ்டம் என்றால், அண்ணன் கேட்க வருகிறேன் என்று சொல்லிவிட்டார். முதல் வரிசையில் இடம் பிடித்து வை என்று உத்தரவு வேறு.

கஷ்டத்தின் வேர் நாற்பத்தொரு வருடத்துக்கு முன்னால் இருந்தது. பத்தொன்பது வயதில், கல்லூரி நூலகத்தின் அலமாரியில் அதே வரிசைப் புத்தகங்கள் இரண்டை அவள் பக்கத்துப் பக்கத்தில் பார்த்தாள். அதே தாள், அதே எழுத்து, அதே பருமன். ஒன்று ஆயிரக்கணக்கான வருடம் பழைய காவியம். மற்றது அதற்கு வெகு காலம் பின்னால், வேறொரு தேசத்தில் பாடப்பட்டது. பழையதன் நூற்றுத் தொண்ணூற்று மூன்றாம் பக்கத்தைத் திருப்பினாள். ஈட்டி இறங்கியது. நண்பன் செத்தான். வீரன் கடைசிப் பக்கம் வரை கோபத்திலேயே வாழ்ந்து, கோபத்திலேயே மாண்டான். பெயரை மறைத்தவன் வேறு ஆள். அவன் பிறவியிலிருந்தே சாது. பன்னிரண்டு பாரம் இந்தக் கதையிலிருந்தும் பன்னிரண்டு பாரம் அந்தக் கதையிலிருந்தும் எடுத்து, அப்பா மாற்றித் தைத்திருந்தார். அவர்களுடைய வீரன் உலகத்திலேயே கிடையாது.

சொல்லிவிட வேண்டும் என்று மூச்சிரைக்க வீட்டுக்கு ஓடினாள். அங்கே அண்ணன் ஒரு புது ஆளோடு தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அப்போது அவர் லிஃப்ட் மெக்கானிக்காகச் சேர்ந்து இரண்டு வருடம். கூட வந்தவனும் அதே வேலை. அன்று காலை, அண்ணன் லிஃப்ட் கூண்டின்மேல் நின்று வேலை செய்யும்போது, கீழே இருந்த இவன் மறதியாகச் சுவிட்சைப் போட்டுவிட்டான். கூண்டு ஓர் ஆள் உயரம் எகிறி நின்றது. தலை தப்பியது. இறங்கி வந்த அண்ணன் பெரிய ஸ்பானரைத் தூக்கியபடி இவனைச் சுவரோரம் நெருக்கினாராம்.

"மண்டையைப் பொளக்கப் போறார்னுதான் நெனச்சேன்" என்றான் அந்தப் புது ஆள். "அப்புறம் என்னமோ பக்கம் வந்துடுச்சுன்னு சொல்லி ஸ்பானரை என் கையிலயே குடுத்துட்டார். எனக்கு ஒண்ணும் புரியல."

அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். அப்பா மட்டும் சிரிக்காமல் மகனையே பார்த்துக்கொண்டிருந்தார். தங்கை வந்த சொல்லை அப்படியே விழுங்கினாள். ஒரு பைண்டரின் கைப்பிசகுதான் இன்று ஒரு மண்டையைக் காப்பாற்றியது என்று எந்த வாயால் சொல்வது? அந்த மண்டைக்குச் சொந்தக்காரனையே மூன்று வருடம் கழித்து அவள் கல்யாணம் செய்துகொண்டாள் என்பது தனிக்கதை. இன்றைக்கும் அந்த மனுஷர் சுவிட்சை அணைக்க மறந்துவிட்டுத்தான் வெளியே போகிறார்.

நாற்பத்தொரு வருடம் விழுங்கியதை வெள்ளிக்கிழமை மேடையில் கக்க வேண்டும். அந்த இரண்டு காவியங்களைத் தொடாமல் பேசிப் பார்ப்போம் என்று எழுதினாள். உப்பில்லாமல் இருந்தது, கிழித்துப் போட்டாள். தொட்டால் பத்தாவது நிமிடத்திலேயே அண்ணனுக்குத் தெரிந்துவிடும். முன்கோபத்தோடு பிறந்து, ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு மனிதரானவர் அவர். அதோடு, அப்பா கை தவறவே தவறாது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிபவர். இருநூறு பேர் முன்னால் இரண்டையும் ஒரே நேரத்தில் பிடுங்குவதா? வியாழக்கிழமை மத்தியானம் அவள் தானே கிளம்பிப் போனாள்.

அண்ணன் மூன்றாவது மாடியில் இருந்தார். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை.

"வா குட்டி. ஆயுசு முழுக்க அடுத்தவனை மேல ஏத்தினேன், இப்ப நான் படி ஏறிச் சாகறேன்" என்று சிரித்தார். நாளைக்கான சட்டை இஸ்திரி போட்டு நாற்காலியின் முதுகில் தொங்கியது.

தண்ணீர் கூடக் குடிக்காமல், உட்கார்ந்த வாக்கில் எல்லாவற்றையும் சொன்னாள். இரண்டு காவியம், பன்னிரண்டு பாரம், இறங்கிய ஈட்டி. "அப்படி ஒருத்தன் இல்லவே இல்லண்ணா. உங்கிட்ட மறைச்சதுக்கு என்னை மன்னிச்சிடு."

அண்ணன் எழுந்து, கருவிப் பெட்டியை இழுத்து, அடியிலிருந்து துணி சுற்றிய ஒன்றை எடுத்து அவள் மடியில் வைத்தார்.

பழுப்புத் துணி அட்டை. அவர்களுடைய புத்தகத்தின் அச்சு அசல் இரட்டை. பிரித்தாள். பசை வாசனை. முதல் பாதியில் காடு, வெள்ளைக் குதிரை, பெயரை மறைக்கும் சாது. பின்பாதியில் கடல், ஈட்டி, நண்பனின் பிணம். நாற்பது வருடம் காவியம் படித்தவளுக்கு, மாற்றித் தைத்தால் மிச்சப் பாதிகள் சேர்ந்து இன்னொரு புத்தகமாகும் என்று தோன்றவே இல்லை. பைண்டர் மகளுக்கு இது மகா வெட்கம்.

"இது எங்க கிடைச்சுதுண்ணா?"

"அப்பாவோட மேசை இழுப்பறையில. ஊசி தேடப் போனப்ப கிடைச்சுது. உள்ள ஒரு சீட்டு இருக்கும் பாரு."

கெட்டுப்போன ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு சீட்டு வைப்பது அச்சக வழக்கம். அதில் மூன்றே வரி. அப்பாவின் பென்சில் எழுத்து அழியாமல் இருந்தது. பிழை: இரு நூலின் பாதிகள் மாறியுள்ளன. ஆள்: நான். செய்ய வேண்டியது: பிரித்துத் தைக்க.

அந்த மூன்றாவது வரியை அவரே அடித்திருந்தார். கீழே வேறு பேனாவில்: "படித்துப் பார்த்தேன். ஒன்று பிள்ளைகளுக்கு ஆகும். இது ஆகாது."

எழுத்துகள் அவளுக்கு மங்கலாகத் தெரிந்தன. அப்பா உட்கார்ந்து இரண்டு புத்தகமும் சேர்த்து எழுநூறு பக்கத்துக்கு மேல் படித்திருக்கிறார். பாரம் எண்ணத்தான் அவருக்குத் தெரியும், படிக்கிற பழக்கம் கிடையாது என்று அவள் இவ்வளவு நாளும் நினைத்திருந்தாள்.

"அப்பாகிட்ட கேக்கலயா?"

"அவர் ஒளிச்சு வச்சதை நான் எதுக்குத் தோண்டணும்? நீயும் அந்தக் கதைமேல உசிரா இருந்தே. உன் ஆசையைக் கெடுப்பானேன்னு எடுத்து வச்சுட்டேன்."

"எப்ப கிடைச்சுது?"

"உன் வீட்டுக்காரர் சுவிட்சைப் போட்டாரே, அதுக்கு முந்தின வாரம்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப ஸ்பானரைத் தூக்கினப்பவே..."

"தெரியும். கதையில அந்தாளு கடைசி வரைக்கும் மாறவே இல்ல, நண்பனைக் கொன்னுட்டான்னு தெரியும். மாறினவன் எவனும் இல்லன்னும் தெரியும்." அண்ணன் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கை ஓங்கி நிக்குது, குட்டி. உன் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கிட்டார். அப்பத்தான் தோணுச்சு. அப்படி ஒருத்தன் இல்லைன்னா என்ன, நாமதான் இருந்துட்டுப் போவோமேன்னு. எறக்கிட்டேன்."

தங்கை அறுபது வயதை மறந்து ஓவென்று அழுதாள். மணலில் புரண்டவனைப் போல, கூச்சமே இல்லாமல். அண்ணன் அவள் தலையில் கை வைத்தபடி, சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை மண்டபம் நிறைந்திருந்தது. அவள் இரண்டு பழுப்புப் புத்தகங்களையும் மேசைமேல் வைத்துக்கொண்டு பேசினாள். புகழுக்காக வாழ்ந்தவனையும் வாக்குக்காக வாழ்ந்தவனையும் எதிரெதிரே நிறுத்திக் காட்டினாள். ஈட்டி இறங்கியதை மறைக்காமல் சொன்னாள். முதல் வரிசையில் இஸ்திரிச் சட்டை மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருந்தது. பக்கத்திலேயே அவள் வீட்டுக்காரர், முழு மண்டையோடு.

"இரண்டு பேருமே பிறந்தபடியே செத்தவர்கள். ஒருவன் கோபக்காரனாக, மற்றவன் நல்லவனாக. நடுவழியில் மாறியவன் இரண்டு காவியத்திலும் இல்லை. மாறுவதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமான வீரம் என்று நான் நினைக்கிறேன். அப்படி ஒருவரோடு முதுகோடு முதுகு சாய்ந்து வளர்ந்தேன்."

பேச்சு முடிந்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "மேடம், அவர் பேர் என்ன?"

அவள் முதல் வரிசையைப் பார்த்தாள். அண்ணன் குனிந்தபடி, வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினார்.

"பெயரைச் சொல்ல மறுக்கிறார்" என்றாள் தங்கை.

அது என்ன வரி என்று அந்த மண்டபத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரிந்தது.