வெடுக்கு

தாதி கஜந்தினி மிஸிக்குப் பொல்லாத மூக்கு. புத்தூரில், வெள்ளிக்கிழமைகளில் மீன் காய்ச்சும் மச்சச் சட்டியைக் கண்ணிலும் காட்டாத வீட்டில் வளர்ந்தவள். பிரசவ வாட்டுக்குள் வந்ததுமே, "ஆர் இஞ்சை மீன் வெடுக்கோடை வந்தது?" என்று கேட்டாள்.

கேட்டிருக்கவே தேவையில்லை. மூலைக் கட்டிலில் குருநகர் ஸ்ரெல்லா படுத்திருந்தாள். வயிற்றைக் கீறிப் பிள்ளை எடுத்து மூன்றாம் நாள். பக்கத்தில் அவளுடைய புருஷன் கிறிஸ்ரோபர் பிள்ளையை ஏந்திக்கொண்டு நின்றான். மீன்பிடித் தொழில்.

"தம்பி, நீங்கள் வெளியிலை நில்லுங்கோ. பச்சைப் பிள்ளையள் இருக்கிற இடம்."

அவன் மறுபேச்சில்லாமல் பிள்ளையைத் தாயருகே கிடத்திவிட்டுப் போனான். ஸ்ரெல்லா வெட்கம் தாங்காமல் போர்வையை இழுத்து மூடி, அதன் மேல் பவுடரைக் கொட்டினாள்.

அடுத்த கட்டிலில் கரவெட்டி ரீச்சர். அவருக்கும் அதே நாள், அதே தியேட்டரில்தான் ஒப்பரேசன். தையல் கடிக்குது என்று ரீச்சர் சொன்னதும் கஜந்தினி கட்டை அவிழ்த்துப் பார்த்து, துடைத்து, புதிதாகக் கட்டிவிட்டாள். ஸ்ரெல்லா "சரியா நோகுது மிஸி" என்றபோது, "கீறினா நோகும்தானே" என்று சொல்லிவிட்டு யன்னலைத் திறந்தாள். மனதில் வஞ்சகம் ஒன்றும் இல்லை. இருந்திருந்தால் அவளுக்கே தெரிந்திருக்கும்; இல்லாததுதான் கேடு.

மறுநாள் கிறிஸ்ரோபர் உள்ளே வரவில்லை. ஆனாலும் வெடுக்குப் போகவில்லை. மத்தியானம் ஸ்ரெல்லாவுக்குக் காய்ச்சல் ஏறி உடம்பு நடுங்கத் தொடங்கியது. டொக்டர் வந்து கட்டை அவிழ்த்தார். தையல் முழுக்கச் சீழ்.

"உது இஞ்சை ஆசுபத்திரியிலை பிடிச்ச கிருமி. எப்ப தொடக்கம் மணக்குது?"

"நேற்று," என்றாள் கஜந்தினி. "நான் மீன் எண்டு நினைச்சிட்டன்."

டொக்டர் உடனே தியேட்டரை ஆயத்தப்படுத்தச் சொன்னார். நாலு ஏச்சு ஏசியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

கர்ப்பப்பையும் பழுத்திருந்தது. அதை எடுத்துத்தான் ஸ்ரெல்லாவின் உயிரைப் பிடித்தார்கள். இனி அவளுக்கு வேறு பிள்ளை பிறக்காது.

படிக்கட்டில் நின்ற கிறிஸ்ரோபரிடம் இதைச் சொல்ல கஜந்தினியே போனாள். அருகில் போனபோது அவனிடம் சவுக்கார வாசம்தான் அடித்தது. அவள் குறுகிப்போனாள்.

விசயத்தைக் கேட்டவன், "என்னாலை வந்த கிருமியோ மிஸி?" என்று கேட்டான். "பிள்ளை பிறந்த பிறகு நான் கடலுக்குப் போகேல்லை. குளிச்சு, தோய்ச்ச உடுப்புத்தான் போட்டுக்கொண்டு வாறனான். எண்டாலும் எங்கடை உடம்பிலை..."

ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், நம்பிவிடுவான். அந்த நினைப்பு வந்ததற்கே அவளுக்குத் தன் மேல் அருவருப்பாக இருந்தது.

"இல்லைத் தம்பி. உங்களிலை ஒரு மணமும் இல்லை. அது புண் பழுத்த மணம். கட்டை அவிட்டுப் பாக்காதது நான். என்ரை பிழை."

கிறிஸ்ரோபர் தன் சட்டைக் கையை ஒருமுறை மோந்து பார்த்தான்.

"அப்ப என்னத்துக்கு மிஸி என்னை வெளியிலை விட்டனீங்கள்?"