நடுச்சுவரில் ஒட்டிய பலகை

பாய்லர்காரருக்குத் தம்பி மேல் கோபம் வந்தால் நடுச்சுவர் கொதிக்கும். அப்பா வீட்டை இரண்டாகப் பிரித்த நாளிலிருந்தே அப்படித்தான். தண்ணீர்க் குழாய் இருக்கும் பாதியைத் தம்பி அமுக்கிக்கொண்டான் என்பது அவர் வழக்கு. தம்பி வீட்டில் அந்தச் சுவரோரம் வைத்த பால் திரிந்தது, மாட்டிய காலண்டர் கருகியது, கட்டிலை நகர்த்தி நகர்த்திக் கடைசியில் வாசலுக்கே கொண்டுவந்துவிட்டார்கள். தெருவில் யாரும் அதிசயப்படவில்லை. மனுஷன் குணம் அப்படி, சுவர் என்ன செய்யும்?

தம்பி மகள் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தாள். வைக்கோலையும் பழைய காகிதத்தையும் கூழாக்கி, களிமண் கலந்து, உறையவைத்து, ஈரத்தை மட்டும் உருவியெடுத்து அங்கே பலகை செய்தார்கள். ஏரோஜெல் என்று பெயர். பெரும்பகுதி வெறும் காற்று. காற்றை விற்றுச் சம்பளம் வாங்குகிற கூட்டத்தைப் பாய்லர்காரர் அதுவரை பார்த்ததில்லை. எரியாது, மண்ணில் புதைத்தால் மட்கிவிடும், சூட்டை மறுபக்கம் விடாது என்றாள். படித்தவள் பேச்சை நம்புவாரா? கேஸ் டார்ச்சைப் பற்றவைத்து ஒரு பக்கம் பிடித்து, மறுபக்கம் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். சிலிண்டர் தீர்ந்தது, கை சுடவில்லை. கண்கட்டு வித்தை என்று துப்பினார்.

“எங்க பக்கம் ஒட்டிக்கிறோம் பெரியப்பா.”

“ஏன், சுவத்த மூடிட்டு நாளைக்கு உங்களுதுன்னு சொல்றதுக்கா? என் பக்கம் ஒட்டு. மிச்சமிருந்தா உங்கப்பன் வாயில ஒட்டு.”

ஆயுள் முழுக்க நீராவிக் குழாய்களுக்கு உறை சுற்றியவர், இனி உறைக்குள் இருக்கப்போவது தாம்தான் என்று யோசிக்கவில்லை. பலகையை ஒட்டியதும் சூடு போக வழியில்லாமல் அவரிடமே தங்கியது. குடத்துத் தண்ணீர் கொதித்தது, சட்டைப் பொத்தான்கள் உருகின. “உங்க வீம்புக்கு நான் ஏன் வேகணும்?” என்று மனைவி பாயைச் சுருட்டிக்கொண்டு கொழுந்தன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

பிறகு அந்த மலையூரில் குளிர்காலம் வந்தது. தம்பி வீட்டில் கணப்பு என்று ஒன்று இருந்ததே இல்லை. இத்தனை வருஷமும் அண்ணன் கோபத்தில்தான் குளிர் காய்ந்திருக்கிறார்கள். தம்பிக்கு இருமல் நெஞ்சைப் பிடித்தது, விரல்கள் நீலம் பாரித்தன. மகள் ஓடிவந்தாள்.

“பலகையக் கழட்டிடறேன் பெரியப்பா. அப்பா பொழைக்க மாட்டார் போலிருக்கு.”

“ஓசியிலயா காஞ்சான் இத்தனை நாளு? தொட்டுப் பாரு, கைய ஒடிச்சுடறேன்.”

அதைச் சொன்னபோது அவர் தலைக்கு மேல் ஓட்டுச்சரிவில் பனி உருகி ஒழுகியது.

மறுநாள் காலை தம்பி கம்பளியைப் போர்த்திக்கொண்டு, கேட்காமல் கொள்ளாமல் உள்ளே வந்து, அண்ணனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். அந்த முதுகைப் பார்க்கப் பார்க்க அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெளியே போடா என்று அவர் கத்தக் கத்த அறை இதமாயிற்று. பின்னாலேயே மனைவியும் பாயோடு வந்தாள். மகள் கதவைச் சாத்தினாள்.

அதற்குப் பின் ஒவ்வொரு குளிர்காலமும் அப்படித்தான். பேச்சுவார்த்தை கிடையாது, சமாதானமும் கிடையாது. அனல் தணிகிற மாதிரி தெரிந்தால் தம்பி திரும்பாமலே மெல்ல ஒரு தடவை சிரிப்பார். அது பொழுது சாயும் வரை தாங்கும்.