பட்டாளத்துச் சொல்

எழுந்ததும் மோட்டார் போடுகிறேன். மின்சாரம் இல்லையென்றால் கீழிருந்து வாளியில் தண்ணீர் கொண்டுவருகிறேன். முகம் கழுவி லுங்கி மாற்றுகிறேன். மாடிப்படி இறங்கினால் கடை. பலகைகளை எடுக்கிறேன். குட்டை நாற்காலிகளைப் போடுகிறேன். மேசைக்கொரு வெறுந்தேநீர்க் குடுவை வைக்கிறேன். கமால் அண்ணன் வந்து அடுப்பு மூட்டுகிறார். ராமலெட்சுமி அத்தை கல்லாவில் உட்காருகிறார்.

இதெல்லாம் மதுமிதாவின் வேலை. என் மனைவி, அத்தையின் ஒரே மகள். அவள் இறந்தபின் நான் செய்கிறேன்.

கடை ரங்கூனின் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில், ரயில் பாதைக்குப் பக்கத்தில். யுத்தத்தின் கடைசி வருடம் பிரிட்டிஷ் பட்டாளம் ரங்கூனுக்குத் திரும்பியபோது அத்தையின் தாத்தா முகாம் சமையலறையில் எடுபிடி. பிறகு இந்தக் கடையைப் போட்டார். பட்டாளம் போய்விட்டது, அதன் பேச்சு இங்கேயே தங்கிவிட்டது. வருகிறவர்கள் பர்மிய மொழியில் கேட்பார்கள். அதை அடுப்புப் பக்கம் கூவும்போது தேநீர் 'சா' ஆகிவிடும், சீக்கிரம் 'ஜில்தி'. கடை திறக்குமுன் வீட்டார் குடிக்கும் தேநீருக்குக் 'கன்ஃபயர்' என்று பெயர். விடிகாலை அணிவகுப்புக்கு முன் கொடுத்த தேநீரைச் சிப்பாய்கள் அப்படித்தான் சொன்னார்களாம். கல்யாணமான புதிதில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மது சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொடுத்தாள்.

அத்தைக்குப் பிடித்த சொல் ஒன்று உண்டு. வேலைக்குப் பயந்து நோயென்று படுத்துக்கொள்பவனைச் சிப்பாய்கள் ஸ்கிரிம்ஷாங்கர் என்பார்கள். எங்கள் கடையில் அது தேய்ந்து சிக்கிரிம். தாமதமாக வந்தால் கமால் அண்ணன் சிக்கிரிம். கிளம்ப மறுக்கும் ஜெனரேட்டர் சிக்கிரிம். அடுப்படியில் படுத்திருக்கும் பூனை பெரிய சிக்கிரிம்.

"உங்க மாப்ளை மட்டும் இல்லையாக்கும்?" என்பார் கமால் அண்ணன்.

"அவர் காலேஜ் படிச்ச சிக்கிரிம்," என்பார் அத்தை.

போன மழைக்காலத்தில் மதுவுக்குக் காய்ச்சல் வந்தது. சில நாளில் விட்டுவிட்டது. உடம்பு குளிர்ந்திருந்ததால் சரியாகிவிட்டதென்று எல்லாருமே நினைத்தோம். காலையில் அத்தை தேநீர் கொண்டுவந்தார். மது போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டாள்.

"காய்ச்சல் போயி எவ்வளவு நேரமாச்சு. எந்திரிடி சிக்கிரிம்," என்று சொல்லிவிட்டு அத்தை கடைக்கு இறங்கினார்.

மதியம் அவளால் நிற்க முடியவில்லை. டாக்ஸியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். கடையில் கூட்டம். சாயங்காலம் வருவதாக அத்தை சொன்னார். வந்தபோது மதுவுக்கு நினைவில்லை. டெங்கு, காய்ச்சல் விடும்போதுதான் ஆபத்து என்றார் டாக்டர். மறுநாள் இறந்துவிட்டாள்.

அதற்குப்பின் அந்தச் சொல்லை யாரும் சொல்வதில்லை. கமால் அண்ணன் தாமதமாக வந்துவிட்டுத் தலைகுனிந்து நிற்கிறார். அத்தை வேறு பக்கம் பார்க்கிறார்.

பதினாறாம் நாள், தன்லியினிலிருந்து வந்த கனகாம்பாள் பெரியம்மா, மது கடைசியாக என்ன சொன்னாள் என்று என்னைக் கேட்டார். "முருகான்னுதான் சொல்லியிருப்பா," என்று அவரே முடித்துக்கொண்டார். அத்தை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் கேட்கவில்லை.

இன்று நான் எழவில்லை. காய்ச்சல் இல்லை. எழ முடியவில்லை, அவ்வளவுதான். கீழே யாரோ பலகை எடுக்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அத்தை தேநீரோடு மாடியேறி வந்தார்.

"நெத்தி சுடுதா மாப்ளே?"

"இல்லத்த. சும்மாதான்."

"சும்மா படுத்துக் கெடந்தா கடையை யாரு பாக்கறது. எந்திரிங்க சிக்..."

நிறுத்திக்கொண்டார். கோப்பையை வாங்கித் தரையில் வைத்தேன். அத்தை கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"இதைச் சொல்லித்தானே அவளை அனுப்பினேன்," என்றார். "எம்மேல கோவமாப் போனாளா? உங்களுக்குத்தான் தெரியும். கனகாம்பா அக்காகிட்ட சொல்ல வேணாம். எங்கிட்ட சொல்லுங்க."

நல்லதாக ஏதாவது கட்டிச் சொல்லியிருக்கலாம். அத்தை நம்பியிருப்பார். நடந்ததை நான் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். அது ஒன்றுதான் எனக்கென்று மிச்சம். சொன்னால் தீர்ந்துவிடும் போலிருந்தது.

அத்தையின் கை என் போர்வையைப் பிடித்திருந்தது.

"டாக்ஸி ரயில் கேட்டுல நின்னுச்சு," என்றேன். "எந்தோள்ல சாஞ்சிருந்தா. எங்கம்மாவுக்கு ஈவு இரக்கமே இல்ல, நோயாளியப் போயி சிக்கிரிம்ங்கறாங்கன்னு சிரிச்சா."

"சிரிச்சாளா?"

"சிரிச்சா அத்த. ரயில் போற வரைக்கும் கண்ணை மூடியிருந்தா. கேட்டு தொறந்ததும் ஒண்ணு சொன்னா. அப்புறம் பேசல."

"என்ன சொன்னா?"

"'அம்மாவை நாளைக்கு நல்லாத் தூங்கச் சொல்லுங்க, கடையை நான் தொறக்கறேன்.'"