இடது பக்க ஜன்னலைக் கதவாக்க விண்ணப்பம்

வந்திருந்தவர்கள்: நிரஞ்சனி, கட்டடக் கலைஞர், குழுத் தலைவர். ஹாஃபிஸ், திட்டப் பிரிவு அதிகாரி. சுகுமாறன், வீட்டின் உரிமையாளர்களில் ஒருவர், வயது அறுபத்தொன்பது. புஷ்பவல்லி, அவருடைய தங்கை, மற்றோர் உரிமையாளர், விண்ணப்பதாரர், வயது ஐம்பத்தெட்டு. யுகேந்திரன், குறிப்பெடுப்பவர்.

வராதவர்: குரு, வட்டாரப் பிரதிநிதி. காரணம் சொல்லவில்லை.

யுகேந்திரன் நான்தான். கட்டடக்கலைப் படிப்பை மூன்றாம் ஆண்டில் விட்டுவிட்டு, பண்டமாரானில் ஒரு சரக்குக் கிடங்கில் இரவு வேலை பார்க்கிறேன். மாதத்தில் இரண்டு மூன்று காலைகள் இந்தக் குழுவுக்குக் குறிப்பெடுக்கப் போவேன். பழைய கிள்ளானில் பாதுகாக்க வேண்டியவை என்று ஒதுக்கிவைத்த தெருக்களில் யார் தன் வீட்டு முகப்பில் கைவைக்க நினைத்தாலும் முதலில் குழு வந்து பார்க்க வேண்டும். பெயிண்ட் நிறம், பெயர்ப்பலகை, ஏர்கான் பெட்டி, கூரை ஓடு, எதுவானாலும். பெரும்பாலும் குழு மறுக்கும், நான் அதை எழுதுவேன், பிறகு வீட்டுக்குப் போய்த் தூங்குவேன். அன்றைக்கும் அரைமணி நேரத்தில் முடிந்துவிடும் என்றுதான் நினைத்தேன்.

ஒட்டி ஒட்டி ஆறு வீடுகள். ஏறக்குறைய நூறு வயது. எல்லாவற்றுக்கும் ஒரே முகம்: நடுவில் இரட்டைக் கதவு, இரண்டு பக்கமும் மரச்சட்டம் போட்ட ஜன்னல்கள், முன்னால் கூரைக்குக் கீழே ஓடும் ஐந்தடிப் பாதை. ஒரு வீட்டில் கைத்தொலைபேசி பழுதுபார்க்கும் கடை, ஒன்றில் யாரோ அட்டைப்பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள், மூன்று பூட்டிக் கிடந்தன. ஆட்கள் குடியிருந்தது இந்த ஒரு வீட்டில் மட்டும். பின்வாசல் கிடையாது, குளியலறை கட்டியபோது அதை அடைத்துவிட்டார்கள். இடது ஜன்னலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பூட்டுடன் ஒரு கதவு வைக்க வேண்டும் என்பது விண்ணப்பம். காரணம் என்ற கட்டத்தில், ‘தனி வழி தேவை’ என்று மூன்று சொற்கள்.

நிரஞ்சனி ஜன்னல் சட்டத்தை விரலால் தட்டிப் பார்த்தார். “ஆன்டி, இதுல கதவு வச்சா ஆறு வீட்டுல ஒண்ணு மட்டும் கோணலா நிக்கும். எதுக்கு இன்னொரு கதவு?”

“எனக்கு வேணும்.”

“அதான், எதுக்கு?”

“ஒத்துப் போகல,” என்றார் புஷ்பவல்லி. அண்ணனைப் பார்க்காமல், எதிரே சாலையில் நின்று வீட்டைப் படம் எடுத்துக்கொண்டிருந்த ஹாஃபிஸைப் பார்த்துச் சொன்னார்.

“என்னவாம்?” என்றார் சுகுமாறன்.

நிரஞ்சனி கொஞ்சம் உரக்கச் சொன்னார். “ஒத்துப் போகலயாம் அங்கிள்.”

கிழவர் இஸ்திரி போட்ட சட்டையை இடுப்பில் சொருகி, பாக்கெட்டில் இரண்டு பேனா வைத்திருந்தார். முப்பத்து நான்கு வருடம் ரயில்வேயில் கிராணியாக, எழுத்தராக, இருந்தவர். அந்தச் சொல் அவருக்குள் போய்ச் சேர நேரம் பிடித்தது.

“யாரோட? என்னோடயா? இவ வச்ச கொழம்ப ஒரு நாள் கொற சொல்லிருப்பேனா? உப்பே போடாத அன்னிக்குக்கூட வாயத் தொறக்கல நான்.”

“வாயத் தொறக்காமயே அத இருபது வருசமா சொல்றீங்க.”

“தெருவுல என்ன பேசுவாங்க? கெழவன் தங்கச்சிய வெட்டி விட்டுட்டான்னு பேசமாட்டாங்க?”

“தெருவுல யாரு இருக்கா பேசறதுக்கு? போன் கடைக்காரனுக்குத் தமிழே தெரியாது.”

ஹாஃபிஸ் சாலையைக் கடந்து வந்து என் காதருகில், “டாக் போலே லா,” என்றார். மலாயில் முடியாது என்று அர்த்தம். நான் தாளில் ‘மறுக்கலாம்’ என்று எழுதி, கோடு போட்டேன். குடும்பச் சண்டைகளை நிறையப் பார்த்தாயிற்று. ஆளுக்கொரு பெயர்ப்பலகை கேட்பார்கள், ஆளுக்கொரு மீட்டர் கேட்பார்கள். சண்டையில் யார் பக்கம் நியாயம் என்று எழுத அந்தப் படிவத்தில் இடம் கிடையாது.

கிளம்புவதற்கு முன் நிரஞ்சனி வழக்கம்போல டார்ச் அடித்து முன்கதவின் நிலையைப் பார்த்தார். பர்மா தேக்கு, பூச்சியில்லை. மேல் சட்டத்தின் இரண்டு மூலையிலும் மட்டும் மஞ்சளாக ஏதோ தடித்துப்போயிருந்தது. நகத்தால் சுரண்டினார். செலோடேப். ஒன்றின் மேல் ஒன்றாக, பழையதை எடுக்காமலே புதியதை ஒட்டி ஒட்டி, விரல் கனத்துக்கு இருந்தது.

“இது என்ன அங்கிள்?”

“மாவிலை கட்டுனது. பொங்கல், தீபாவளி, வருசப்பொறப்பு.”

“டேப்லயா? ரெண்டு ஆணி அடிக்க வேண்டியதுதானே.”

“அனுமதி வரலயே.”

“என்ன அனுமதி?”

“இருங்க. ஃபைல் கொண்டாரேன்,” என்று உள்ளே போனார்.

அவர் முதுகு மறைந்ததும் புஷ்பவல்லி நிரஞ்சனியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அவ்வளவு நேரம் விறைப்பாக நின்றிருந்தவர், நேரமில்லாதவர்போலப் பேசினார்.

“மிஸ், அவருக்குக் காது போச்சு. ஒத்துக்கமாட்டார். நான் டயாலிசிஸ் சென்டர்ல கிளீனிங் வேல. ரெண்டு மணிக்குப் போயி ஒன்பதரைக்கு முடிப்பேன். வந்து தட்டுனா அவர் தொறக்கணும், இந்தக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் மட்டும்தான். போன மாசம் ஒரு நாள் தட்டுறேன் தட்டுறேன், கையே வீங்கிப் போச்சு. போனை சார்ஜ்ல போட்டுட்டு ஈசி சேர்ல தூங்கிட்டார். இதோ இந்தத் தூணுல சாஞ்சி உக்காந்திருந்தேன். பன்னெண்டு மணிக்கு முழிச்சி வந்து தொறக்கிறார். ஏன் இன்னிக்கி லேட்டுன்னு கேக்கிறார்.”

“என்ன சொன்னீங்க?”

“பஸ் லேட்டுன்னேன். வேற என்ன சொல்ல? தெரிஞ்சா மனுசன் அப்புறம் தூங்கவே மாட்டார். நாற்காலியக் கொண்டாந்து கதவோட ஒட்டிப் போட்டு உக்காந்துருவார். அதான் தனிக் கதவு, ஒத்துப் போகல, அப்படின்னு எழுதிக் குடுத்தேன். கெட்டவன்னு நெனச்சா நெனச்சிட்டுப் போறார்.” பிறகு என்னைப் பார்த்தார். “தம்பி, இத எழுதிடாதீங்க.”

பேனா தாளில் படாமல் இருப்பதை அவருக்குத் தெரியும்படி காட்டினேன்.

“ஆனா ஆன்டி,” என்று நிரஞ்சனி ஆரம்பித்தார், “இந்தக் கதவுக்கே ஒரு பூட்டு…”

சுகுமாறன் நீல நிற ஃபைலுடன் வந்துவிட்டார். உள்ளே எல்லாம் தேதிவாரியாகத் துளையிட்டுக் கோத்திருந்தது. எதிர் வரிசையில் திருட்டு நடந்த வருடம், கதவுக்கு வெளியே இரும்புக் கிரில் போட அனுமதி கேட்டு எழுதியிருக்கிறார். பதினொரு வருடமாகிறது. மலாயில் இரண்டு வரிப் பதில் வந்திருக்கிறது. விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. முன்கதவில் எந்த மாற்றமும் செய்யக்கூடாது. அதே மாதிரிக் கடிதங்களை நானும் அடித்திருக்கிறேன். விலாசத்தை மட்டும் மாற்றி அனுப்புவோம்.

அதற்குப் பின்னால் அவர் எழுதிய மூன்று கடிதங்களின் நகல்கள். மாவிலைக்காக இரண்டு சிறிய ஆணிகள் அடிக்கலாமா. வீட்டில் எல்லோரும் வெளியே போகும்போது பூட்டிக்கொள்ளக் கதவில் சாவித் துளை போடலாமா. மேற்படி விஷயமாக ஒரு நினைவூட்டல். மூன்றுக்கும் பதில் இல்லை.

“பதில் வரலன்னா முதல் உத்தரவுதான் நிக்கும்,” என்றார் சுகுமாறன். “ஆபீஸ் வழக்கம் அது.”

“அப்ப இந்தப் பதினோரு வருசமா வீட்ட எப்படிப் பூட்டிட்டுப் போனீங்க?”

“எங்க போறது? ஒருத்தர் போனா ஒருத்தர் இருப்போம்.”

நிரஞ்சனி டார்ச்சை அணைத்தார். “அங்கிள், மாற்றம்னு இதுல சொன்னது கிரில் மாதிரி முகப்பையே மாத்தற வேலைய. பூட்டு போடலாம். பூட்டு உள்பக்கம் இருக்கும், வெளியில சாவித் துளை மட்டும்தான் தெரியும். அதுக்கு எங்ககிட்ட கேக்கவே வேணாம். ஆணியும் அடிக்கலாம். அப்பவே சொல்லிருக்கணும், யாரும் சொல்லல.”

“எழுத்துல இருக்கா?”

“இப்ப தரோம். யுகேன், தனித்தாள்ல எழுதுங்க.”

எழுதினேன். ஹாஃபிஸ் அந்தப் பழைய மறுப்புக் கடிதத்தை வாங்கிப் படித்தார். மேலே தன் பிரிவின் முத்திரையைப் பார்த்தார். இரண்டு கையாலும் அதைத் திருப்பிக் கொடுத்து, “மாஆஃப், பக்சிக்,” என்றார். மன்னிப்புக் கேட்கிறார் என்பது சுகுமாறனுக்குக் காதில் விழுந்ததா தெரியவில்லை. அவர் ஃபைலை மூடாமல் நின்றார்.

“அப்ப ராஜினி கல்யாணத்துக்கு நீ வந்திருக்கலாம்,” என்றார்.

ராஜினி அவருடைய ஒரே மகள். கல்யாணம் ரவாங்கில். தாயில்லாத பெண்ணை வளர்த்ததே அத்தைதான் என்பதைப் பிறகு நிரஞ்சனி கேட்டுத் தெரிந்துகொண்டார். கல்யாணத்தன்று வீட்டில் யாராவது இருந்தாக வேண்டும். மாப்பிள்ளை கையில் பெண்ணைப் பிடித்துக் கொடுக்க அப்பாதான் போக வேண்டும்.

“எனக்கு அன்னிக்குக் கால் வலி,” என்றார் புஷ்பவல்லி.

“உனக்குக் கால் வலி இல்ல.”

“இருந்துச்சு.”

“மணவறைல இருந்துகிட்டே கேட்டா, அத்தை எங்க, அத்தை எங்கன்னு. பத்துமலைக்கு ஒரு தைப்பூசம் சேர்ந்து போனதில்ல. கிராணியா இருந்தும் நான் ரெண்டு வரி படிக்கத் தெரியாம…”

“விடுங்கண்ணே. அதான் ஆல்பம் பார்த்தேன்ல. நாலு தடவ பார்த்தேன்.” அவர் அண்ணன் கையிலிருந்து ஃபைலை வாங்கி மூடினார். “மிஸ், அந்தத் தனிக் கதவு வேணாம். வாபஸ்னு போட்டுக்குங்க.”

“ஒத்துப் போகலன்னியே?” என்றார் சுகுமாறன். இது மட்டும் அவருக்குக் கேட்டுவிட்டது.

“பூட்டு போட்டா ஒத்துப் போகும்.”

“சாவி?”

“ஆளுக்கு ஒண்ணு.”

“அப்ப ராத்திரி நீ வரப்ப நான் முழிச்சிருக்க வேணாம்.”

“வேணாம்.”

சுகுமாறனின் முகம் நல்ல செய்தி கேட்ட முகமாக இல்லை. கிடங்கில் ஐம்பது வயதுக்காரர்களைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து மெஷின் அடுக்கிக்கொள்ளும் என்று சொன்னபோது இப்படித்தான் நின்றார்கள். கிழவர் பாக்கெட்டிலிருந்த பேனாவை எடுத்தார், மூடியைக் கழற்றினார், திரும்ப மாட்டினார். குறிப்பில் நான் ‘விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டது’ என்று எழுதினேன். அங்கே நடந்ததில் அந்த ஒரு வரிதான் உள்ளே போனது.

இரண்டு வாரம் கழித்துப் பூட்டைப் படம் எடுத்துக் கோப்பில் சேர்க்க என்னை மட்டும் அனுப்பினார்கள். பகல் ஒரு மணி. சாவித் துளை ஐம்பது காசு அளவுக்குக்கூட இல்லை. பித்தளை வளையம் போட்டிருந்தார்கள். புஷ்பவல்லி வேலைக்குக் கிளம்பி, சீருடை மேல் ஸ்வெட்டர் போட்டு நின்றார். சென்டரில் ஏர்கான் எலும்பைத் துளைக்கும் என்றார். என்னைச் சாப்பிட்டாயா என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் கையில் இரண்டு வாழைப்பழத்தைக் கொடுத்தார்.

சுகுமாறன் கதவுக்கு உள்ளே, தாழ்ப்பாள் பக்கத்தில் நின்றார். எத்தனையோ வருடம் அந்த நேரத்துக்கு நின்ற இடம்.

“அண்ணே, நான் வெளியில பூட்டிக்கிறேன். நீங்க ஒண்ணும் செய்ய வேணாம்.”

“தெரியும் போ.”

“தாழ்ப்பாள் போட்டீங்கன்னா சாவி வச்சும் தொறக்க முடியாது.”

“அதான் தெரியும்ங்கிறேன்ல. பஸ் போயிரும்.”

புஷ்பவல்லி இரண்டு கதவையும் இழுத்துச் சாத்தினார். சாவியைப் போட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, இரண்டு முறை திருப்பினார். எடுத்துக் கைப்பையின் உள் ஜிப்பில் வைத்தார். நான் கேமராவை மூடினேன். அவர் ஐந்தடிப் பாதையில் நாலு அடிகூடப் போயிருக்கமாட்டார், உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. முழுசாக, சுவரில் போய் முட்டும்வரை.

புஷ்பவல்லி நின்றுவிட்டார். என்னைப் பார்த்தார். நான் வாழைப்பழத்தைப் பார்த்தேன். தட்டினால் கிழவருக்குக் கேட்காது என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அவர் திரும்பி வந்து கதவு முன்னால் நின்றார். கையை உயர்த்தினார், தட்டாமல் மரத்தின் மேல் வைத்துக்கொண்டார்.

“பழக்கம்,” என்றார் என்னிடம், மெதுவாக. “வேணும்னு செய்யல.”

பஸ் வந்து நின்று, யாரும் ஏறாமல் போனது. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து மறுபடியும் இரும்பு உரசியது. இந்த முறை அங்குலம் அங்குலமாக, நடுவில் நின்று நின்று. தங்கைக்குத் தெரியாமல், சத்தமே வராமல் தாழ்ப்பாளை எடுத்துவிடுவதாக உள்ளே அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்கவில்லை. தெருவுக்கே கேட்டது, போன் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். புஷ்பவல்லி உதட்டை மடித்து, சிரிப்பையோ வேறெதையோ அடக்கிக்கொண்டு, கடைசி அங்குலம் வெளியே வரும்வரை அப்படியே நின்று கேட்டார். பிறகு இரண்டு விரலால் கதவைத் தள்ளிப் பார்த்தார்.

பூட்டியிருந்தது, சாவியால் மட்டும்.