கோணல் கோடு போட்ட தாள்

"இந்த நோட்டீஸை நீயே அவங்க கையில குடுத்தியாம்மா?"

வாடகை விசாரணை அலுவலகத்தில் அதிகாரி என்னிடம் கேட்டது இது ஒன்றுதான். நான் தலையாட்டினேன். பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து வெளியாட்கள் எதைக் கேட்டாலும் எனக்குத் தலைதான் ஆடும், வாய் வராது. அவர் அதையே பதிலாக எழுதிக்கொண்டார்.

மேசைக்கு அந்தப் பக்கம் மாடி அக்கா உட்கார்ந்திருந்தாள்.

எங்கள் வீட்டு மாடியில் அவளும் அவள் அப்பாவும் ஏழு வருஷமாகக் குடியிருந்தார்கள். அக்காவுக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. அவள் அப்பாவுக்குக் கண் தெரியாது. ஆனால் மாடியில் அவர் எதிலும் இடித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. கட்டிலிலிருந்து குழாய்க்கு ஒன்பது அடி, குழாயிலிருந்து அடுப்புக்கு நான்கு அடி. எல்லாம் அவர் காலுக்குத் தெரியும்.

என் அண்ணனுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் மாடி அவனுக்கு என்று என் அப்பா முடிவு செய்தார். முன்பென்றால் மேலே போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த மாதம்தான் புதுச் சட்டம் வந்திருந்தது. வீட்டுத் தரகர் வந்து விளக்கினார்.

"இனிமே வாயால சொன்னா செல்லாதுண்ணே. அஞ்சு வருஷத்துக்கு மேல இருக்கறவங்கன்னா, காரணம் போட்டு ஆறு மாசம் முன்னாடியே எழுத்துல குடுக்கணும்."

"ஆறு மாசமா? இழுத்துப் பிடிச்சா பேரனே வந்துருவான் போலிருக்கே!"

"சட்டம் வர்றதுக்கு முந்தியே எழுதிக் குடுத்திருந்தா பழையபடி மூணு மாசம்தான்." தரகர் குரலைத் தாழ்த்தினார். "நீங்க அப்பவே குடுத்துட்டீங்கல்ல?"

அப்பாவுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. பிறகு என்னைக் கூப்பிட்டார். "ஒரு தாள் எடுத்துட்டு வா கண்ணு. உன் கையெழுத்துதான் முத்து முத்தா இருக்கும்."

வீட்டில் தாள் இல்லை. என்னிடம் இருந்தது. முந்தின வாரம்தான் அக்கா ஒரு கட்டு எழுதும் தாள் கொடுத்திருந்தாள். அவள் வேலை செய்யும் இடத்துக்குப் புதிதாக அச்சடித்து வந்தது. ஓரத்துச் சிவப்புக் கோடு எல்லாத் தாளிலும் கோணலாக விழுந்துவிட்டதால் தூக்கிப் போடச் சொல்லிவிட்டார்களாம். "கோடு கோணலா இருந்தா என்னடி, உன் கதை நேரா இருந்தா சரி" என்றாள். நான் இன்னும் எழுதுவது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அப்பாவுக்குத் தெரிந்து ஒருமுறை என் நோட்டுகள் அடுப்புக்குப் போயிருக்கின்றன. யாரிடமும் சொல்வதில்லை என்று அக்கா என் கையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தாள்.

அவசரத்தில் அதிலிருந்து ஒன்றை உருவிக்கொண்டு ஓடினேன். அப்பா நாலு மாதத்துக்கு முந்தைய தேதியைச் சொன்னார். அதைப் போட்டு, மாடியைக் காலி செய்யச் சொல்லும் நோட்டீஸை எழுதினேன்.

"சார், எங்களுக்கு இப்படி எதுவும் வரவே இல்ல" என்றாள் அக்கா அதிகாரியிடம். "ஆறு மாசம் குடுங்க, போதும். அப்பாவுக்குப் புது வீடு கால்ல பழகணும்."

"குடுத்தேன்னு பொண்ணு சொல்லுதேம்மா. நீங்களே பாருங்க."

அக்கா தாளை வாங்கினாள். அவள் கட்டைவிரல் சிவப்புக் கோட்டில் வந்து நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நோட்டீஸில் போட்டிருந்த தேதியில் இந்தத் தாளே கிடையாது. அதை அவள் சொன்னால் போதும், கேட்ட ஆறு மாதம் கிடைத்துவிடும். ஆனால் தாளை யாருக்குக் கொடுத்தாள், எதற்குக் கொடுத்தாள் என்றும் சொல்ல வேண்டிவரும். என் பக்கத்தில் என் அப்பா உட்கார்ந்திருந்தார். அக்கா சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். சொல்லிவிடக் கூடாது என்றும் நினைத்தேன். எதை அதிகம் நினைத்தேன் என்று இந்த நோட்டில்கூட என்னால் எழுத முடியவில்லை.

"சொல்றதுக்கு ஏதாவது இருக்காம்மா?"

"இல்ல சார்." தாளைத் திருப்பி வைத்துவிட்டாள்.

அவர்கள் காலி செய்த அன்று காலையில் சாமான் வண்டி வாசலில் நின்றது. அவள் அப்பா கைப்பிடியைத் தடவிக்கொண்டே எண்ணியபடி இறங்கினார். "பதினஞ்சு, பதினாறு. சரியா இருக்கு. அங்க எத்தனை படிம்மா?"

"தெரியலப்பா. போய் எண்ணிக்கலாம்."

அக்கா சாவியை என் அப்பாவிடம் நீட்டினாள். "வாங்கிக்கிட்டதா எழுதிக் குடுங்க. புதுச் சட்டத்துல அதுவும் இருக்காம்."

"அடேயப்பா, வக்கீல் தோத்தான் போ!" அப்பா சிரித்தார். "ஏய், எழுதிக் குடு."

அன்றும் வீட்டில் வேறு தாள் இல்லை. அந்தக் கட்டிலிருந்தே ஒன்றை எடுத்தேன். சாவி கிடைத்தது என்று எழுதி, அன்றைய தேதியையே போட்டேன். கொடுக்கும்போது "அக்கா" என்று சொல்ல வாயைத் திறந்தேன். தலைதான் ஆடியது.

அவள் படித்தாள். கோணல் கோட்டின் மேல் விரலை மேலிருந்து கீழாக ஓட்டினாள். நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அவள் அப்பாவின் கையைப் பிடித்தாள். கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.