ஆண், வெள்ளைச் சட்டை, பதினான்கு

வழியில் சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கி ஏற்றியதால், கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த பஸ் ஐறீனை வெள்ளவத்தையில் இறக்கிவிட்டபோது ஒன்பதரை தாண்டியிருந்தது. அவள் வேலைசெய்யும் படப்பிடிப்பு ஸ்ரூடியோவின் கண்ணாடிக் கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது வாங்கில் உட்கார்ந்திருந்த பெண்மணி. ஐம்பது வயதிருக்கும். மடியில் ஒரு கடித உறையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். கடையின் பெயர் அச்சிட்ட பழைய உறை அது. ‘மீள்பிரதி தேவைப்படின் இவ்விலக்கத்தைக் கொண்டுவரவும்’ என்று கீழே ஒரு வரி இருக்கும். படச்சுருள் இருந்த காலத்தில் அச்சடித்த உறைகள். டிஜிட்டல் வந்து நாலு வருஷமாகியும் முதலாளி முத்துலிங்கம் அவற்றைத் தீர்த்து முடிக்கவில்லை.

“உன்னைத்தான் பாத்துக்கொண்டு இருக்கிறா,” என்றார் முத்துலிங்கம். “நான் சொல்லிப்போட்டன், ஆறு மாசத்துக்கு மேல நாங்கள் வைக்கிறேல்லையெண்டு. கேக்கிறா இல்லை. அது கிடக்க, அந்தப் படிவத்தில கையெழுத்து வைச்சியே? வெள்ளிக்கிழமைதானே கடைசி.”

“வைப்பன், அண்ணை.”

படிவம் விசைப்பலகைக்குக் கீழே மடித்தபடி கிடந்தது. கொழும்பு ஏழில் ஒரு கலைக்கூடம் கணினி ஓவியங்களுக்கென்று கண்காட்சி வைக்கப்போகிறது. ஐறீன் அனுப்பிய படத்தை எடுத்துக்கொண்டார்கள். ‘இதிலுள்ள ஒவ்வொரு உருவமும் என் சொந்த ஆக்கமே’ என்ற வரிக்குக் கீழே கையெழுத்து மட்டுந்தான் பாக்கி. பன்னிரண்டு வருஷமாக, முன்பு தூரிகையாலும் இப்போது கணினியிலும், மற்றவர்களின் பருக்களை அழித்துக்கொண்டிருப்பவளுக்கு, தன் பெயர் எழுதிய ஒரு படம் சுவரில் தொங்குவது சின்ன விஷயமல்ல. ஆனாலும் நாலு நாளாகப் பேனை அந்த வரியில் வந்து நின்றுவிடுகிறது.

ஏனென்றால் அவள் அந்தப் படத்தில் எதையும் வரையவில்லை. தண்டவாளத்தை ஒட்டிய கடற்கரையில் முப்பத்தொரு பேர் கடலைப் பார்த்து நிற்கிறார்கள். ஒருவருக்கும் தலை இல்லை. அத்தனை பேரும் அவளுடைய ‘உடம்புகள்’ கோப்புறையிலிருந்து வந்தவர்கள். செத்தவருக்கு அடையாள அட்டைப் படம் மட்டுமே இருக்கும் வீட்டார், அஞ்சலிப் படம் கேட்டு வருவார்கள். அந்தத் தலைக்குக் கோட்டோ பட்டுச்சேலையோ தோளோ வேண்டும். அதற்காக வாடிக்கையாளர் படங்களிலிருந்து அவள் வெட்டி எடுத்து, இலக்கமிட்டுச் சேர்த்தவை அவை. அதில் தனக்கென்று ஒரு நேர்மையும் வைத்திருந்தாள். சேமிக்கும் முன்பே தலையை நீக்கிவிடுவாள். முகம் அவரவருடையது, அதை இரவல் எடுக்கக் கூடாது. முகம் போய்விட்டால் உடம்பு யாருடையதும் இல்லை. அப்படித்தான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தாள்.

“சொல்லுங்க அம்மா,” என்று பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டாள்.

“மஸ்கெலியாவுல இருந்து வாறேன், நோனா. மயிலம்மான்னு பேரு. எம் மகன் காளியப்பன் போன வருசம் இங்கனதான் படம் புடிச்சான். வெளிநாட்டு ஏஜென்சிக்கு முழுப் படம் கேட்டாங்கன்னு. இந்தா, நம்பர் இருக்கு.”

“அந்தப் படம் இப்ப எங்க?”

“லொட்ஜுக்கு வந்து, விசாரிக்கணும்னு அவனக் கூட்டிட்டுப் போனாங்களாம். பையையும் தூக்கிட்டுப் போயிட்டாங்க. எல்லாம் அதுலதான் இருந்திச்சு. ஏழு மாசமாச்சு.” அவர் குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. பல மேசைகளுக்கு முன்னால் சொல்லிச் சொல்லி வழவழப்பாகிவிட்ட வார்த்தைகள். “காணாமப் போனவங்களப் பதியிற எடத்துல படம் கேக்குறாங்க. அடையாள அட்டையும் பையோட போயிருச்சு. எங்கிட்ட இது ஒண்ணுதான்.”

சேலைத் தலைப்பிலிருந்து எடுத்து நீட்டினார். பள்ளிக்கூடக் குழுப்படம். மூன்றாம் வரிசையில், மிளகளவு முகம். பத்து வயதிருக்கும்.

ஐறீன் இலக்கத்தைக் கணினியில் தட்டினாள். வராது என்று தெரிந்துதான் தட்டினாள். அந்த மாதத்துக் கோப்புகளைச் சித்திரை விடுமுறைக்கு முன் அவளேதான் அழித்தாள்.

“தாயின்ர சாடைதானே இருந்திருப்பான்,” என்றார் முத்துலிங்கம் மேசையிலிருந்தபடி. “கண்ணையும் நெத்தியையும் இவவிட்ட இருந்து எடு. மிச்சத்துக்கு ஆரின்ரையாவது தாடையைப் போடு. ஒரு முகம் வந்திடும். அவையள் என்ன பூதக்கண்ணாடி வைச்சே பாக்கப்போயினம்?”

செய்யலாம். ஒரு மணித்தியாலம் போதும், ஒட்டிய தடம் தெரியாது. ஐறீன் அந்த அம்மாளின் நெற்றியைப் பார்த்தாள். விரல் தானாகவே கணினி எலியின் மேல் போனது.

மயிலம்மாதான் தலையை ஆட்டினார். “வேணாங்கய்யா. அப்பறம் அந்தப் படத்த வச்சுக்கிட்டு வேற எவனயோதான தேடுவாங்க.”

முத்துலிங்கம் விசிறியின் வேகத்தைக் கூட்டிவிட்டார்.

“படத்துக்கு மகன் என்ன உடுப்புப் போட்டிருந்தார்?” வேறு கேட்க எதுவும் இல்லாததால் ஐறீன் கேட்டாள்.

“வெள்ளச் சட்ட. புதுசுதான். மூணாவது பொத்தான் வுழுந்திருச்சுன்னு நாந்தான் தச்சுக் குடுத்தேன். வெள்ள நூல் தீந்துபோச்சு. கறுப்பு நூலுல தச்சேன். யாரு பாக்கப்போறான்னு சொல்லிட்டுச் சிரிச்சான்.”

ஐறீனின் கை நின்றது. அவள் பார்த்திருக்கிறாள். கண்காட்சிப் படத்தில் அந்தக் கறுப்பு நூல் கண்ணை உறுத்துகிறதென்று, மேல் பொத்தானை நகலெடுத்து அதன்மேல் ஒட்டி, எல்லாவற்றையும் ஒன்றுபோலாக்க அரை மணித்தியாலம் மினக்கெட்டிருக்கிறாள். முகம் மட்டும் எவ்வளவு யோசித்தும் வரவில்லை. இடது தோள் சற்று இறங்கியிருந்தது நினைவிருந்தது.

“இடப்பக்கத் தோள் கொஞ்சம் பதிஞ்சிருக்குமா?”

மயிலம்மா எழுந்துவிட்டார். “சின்னதுல கொய்யா மரத்துல இருந்து வுழுந்தான். நோனா அவனப் பாத்திருக்கீங்களா?”

அதற்குமேல் மறைக்க வழியில்லை. ஐறீன் கோப்புறையைத் திறந்தாள். ‘ஆண், வெள்ளைச் சட்டை, 14’. திரை நிறைய வந்தது. கழுத்தடியில் நேர்கோடாக வெட்டிய உடம்பு, கழுத்தில் கிடந்த கறுப்புக் கயிற்றின் ஒரு நுனி, தொங்கும் இரண்டு கைகள், மூன்றாவது பொத்தான்.

மயிலம்மா திரைக்குக் கிட்ட வந்து, தொடலாமா என்று கேட்பதுபோல விரலை அந்தரத்தில் பிடித்தார். பிறகு மேலே பார்த்தார், வெள்ளையாய் இருந்த இடத்தை.

“தல எங்க?”

“வெட்டிட்டன் அம்மா. முகத்த வச்சிருக்கக் கூடாதெண்டு. சட்டைதான் எனக்குத் தேவைப்பட்டிச்சு.”

“சட்ட எதுக்கு?”

“மத்தவங்கட படத்துக்கு. உடம்பு இல்லாத படம் வரும். அதுக்கு வைக்க.”

“யாருக்கு வச்சீங்க?”

ஐறீனுக்கு நாலு பேரும் ஒழுங்காக நினைவிருந்தார்கள். ஹெவ்லொக் டவுனில் ஓய்வுபெற்ற கிளாக்கர், துறைமுகத்தில் வேலைசெய்த நிக்கலஸ், மற்ற இருவர். எல்லாருக்கும் மாலையும் விளக்கும் அவளே போட்டிருந்தாள். “அஞ்சலிப் படத்துக்கு,” என்றாள் மெதுவாக.

“செத்தவங்களுக்கா?”

பின்னால் கடற்கரை ரயில் போனது. கண்ணாடி அதிர்ந்து ஓய்ந்தது.

“எம் மகன் சாகல, நோனா.”

“ஓம் அம்மா.”

“இனி அத யாருக்கும் குடுக்காதீங்க.”

ஐறீன் கோப்பின் பெயரை அழித்தாள். காளியப்பன் என்று தட்டினாள். மயிலம்மாவுக்கு வாசிக்கத் தெரியுமோ என்னவோ, எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“இதயாச்சும் ஒண்ணு எடுத்துத் தாங்க. கொண்டுபோய்க் காட்டுறேன். தோள் இருக்கு, கயிறு இருக்கு. பொத்தான் இருக்கு.”

“முகம் இல்லாமல் அவையள் ஏற்கமாட்டினம் அம்மா,” என்றார் முத்துலிங்கம். இந்தமுறை எழுந்து வந்து சொன்னார்.

“தெரியும்யா.”

அச்சு இயந்திரத்தில் பெரிய தாளைப் போடும்போது ஐறீனின் முழங்கை பட்டு விசைப்பலகை நகர்ந்தது. படிவத்தின் விளிம்பு வெளியே தெரிந்தது. அவள் அதை எடுக்கவும் இல்லை, உள்ளே தள்ளவும் இல்லை. வழக்கப்படி படத்தைத் தாளின் நடுவில் வைக்காமல் கீழே இறக்கினாள். மேலே ஒரு தலைக்குரிய இடத்தை விட்டாள்.

அந்த இயந்திரம் எதையும் தலைப்பக்கத்திலிருந்துதான் அச்சிடும். முதலில் உறுமியது, பிறகு தாளை நூல் நூலாக வெளியே தள்ளத் தொடங்கியது. வெள்ளை. இன்னும் கொஞ்சம் வெள்ளை. மயிலம்மா இரண்டு கையையும் கீழே ஏந்தி, குனிந்து, கண் இமைக்காமல் அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.